"இனி வீட்டை போகவேணும்"

எங்கட பட்ச்சில் ஆளையாள் கண்டால் இப்ப கேட்கிற கேள்வி "நீ எப்ப வெளிக்கிடுறாய்?" எண்டதுதான். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அது சாப்பிட்டியோ எண்டு கேட்கிற மாதிரி ஆகிவிட்டது. விசா, ஐஇஎல்ரிஎஸ், ஏஜென்சி எண்டு போவதைப் பற்றி மணிக்கணக்கில் கதைக்கிறோம். போன இடம் ஒருநாள் சொந்த இடமாகிவிடும் என்பதைப் பற்றி மட்டும் கதைப்பதில்லை. போனவர்கள் ஊரை நினைத்து ஏங்கிக்கொண்டே இருக்கவேணும் எண்டது இங்கே இருக்கிற எங்கட எதிர்பார்ப்பு.

போன வருசம் நல்லூர்த் திருவிழாவுக்கு நோர்வேயில் இருந்து பெரியம்மா வந்து நின்றா. ஐந்தாவது கிழமை, இரவுச் சாப்பாட்டு நேரம், சாதாரணமாகச் சொன்னா: "இனி வீட்டை போகவேணும் போல கிடக்கு."

அம்மா நிமிர்ந்து பார்த்தா. "அப்ப இது என்ன அக்கா?"

அவை இரண்டு பேரும் பிறந்து வளர்ந்த வீட்டில்தான் இந்தக் கதை நடந்தது. அம்மாவுக்கு அது பெரிய நோவு. எனக்கோ, பெரியம்மா எப்படி அங்கே 'வீடு' எண்டு சொல்லுமளவுக்கு வந்தா என்பதை அறிய ஆசையாக இருந்தது.

நோர்வேக்கும் எங்களுக்கும் பழைய தொடர்பு உண்டு. 1956இல் அங்கே போன அன்ரனி இராஜேந்திரத்தைத்தான் முதல் ஈழத்தமிழராகச் சொல்வார்கள். அவர் தொடக்கிய சீ-நோர்தான் காரைநகரில் படகு கட்டியது, குருநகரில் வலை பின்னியது. 80களில் எங்கட பெடியள் பலர் அங்குள்ள பரீட்சை இல்லாத விடுதிப் பள்ளிக்கூடங்களுக்கு மாணவர்களாகப் போனார்கள். பிறகு பலருக்கு வேலை கிடைத்தது வடக்கே, பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில். பெரியப்பாவும் அப்படிப் போனவர்தான். 1991இல் கலியாணம் கட்டிப் போன பெரியம்மாவும் அதே வேலைக்குப் போனா. இங்கே வெள்ளிக்கிழமை மச்சம் தொடாதவ, அங்கே வெள்ளிக்கிழமையும் நின்று மீனுக்கு முள்ளெடுத்தா. நாலு வருசத்துக்குப் பிறகு துரொம்சோ நகரத்துக்கு மாறினார்கள்.

துரொம்சோவில் நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் சனவரியில்தான் திரும்பத் தெரியும். அப்ப தைப்பொங்கல்? "எந்தப் பக்கம் கிழக்கு எண்டு அவரைக் கேட்டு, இருட்டுக்கு முன்னால பானையை வைச்சுப் பொங்கினன். அண்டைக்கு அழுதன்" எண்டு சொன்னா. ஒரு கிழமை கழித்து, சனவரி 21, அந்த ஊர்ச் சனம் சூரியன் திரும்பி வருவதைக் கொண்டாடுகிறது. அதற்கெண்டு ஒரு பணிஸ் செய்து சாப்பிடுவார்கள். பக்கத்து வீட்டு மனிசி பெரியம்மாவுக்கும் இரண்டு கொண்டுவந்து கொடுத்தாவாம். அதற்குப் பிறகு பெரியம்மா வருசத்தில் இரண்டு தரம் பொங்குறா. 14ஆம் திகதி வீட்டுக்கு, 21ஆம் திகதி அயலுக்கு. "உங்களுக்குச் சூரியன் ஒவ்வொரு நாளும் வருது. நீங்கள் சும்மா பொங்குறியள். நாங்கள்தான் காத்திருந்து பொங்குறம்" எண்டு எங்களைப் பகிடி பண்ணினா.

அங்கே 'டுக்னாட்' எண்டு ஒன்று இருக்கு, எங்கட சிரமதானம் மாதிரி. பனி கரைந்த பிறகு குடியிருப்பில் உள்ள எல்லோரும் சேர்ந்து வளவைத் துப்பரவாக்குவது. முதல் வருசம் பெரியம்மா யன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றாவாம். யாரோ கதவைத் தட்டி, ஒன்றும் சொல்லாமல் விளக்குமாறை நீட்டினார்களாம். இப்ப புதிதாகக் குடிவருகிற ஆக்களின் கதவைத் தட்டுவது பெரியம்மாதான்.

எல்லாம் இனிப்பில்லை. முப்பது வருசத்துக்கு மேலாகியும் "நீங்கள் எந்த நாடு?" எண்டு கேட்கிற ஆக்கள் இருக்கினம். பெரியம்மாவுக்குக் கோவம் வரும். ஆனால் அது விருந்தாளியின் கோவம் இல்லை, வீட்டுக்காரியின் கோவம்.

யாழ்ப்பாணத்தில் பிறந்து சின்ன வயதில் போன கம்சாயினி குணரத்தினம் 2015இல் ஒஸ்லோவின் துணை மேயரானபோது, "எங்கட பிள்ளை" எண்டு இங்கே எல்லோரும் சந்தோசப்பட்டோம். அவ நின்றது ஒஸ்லோவுக்காக. ஒரு நகரத்தைத் தன்ர எண்டு நினைக்காத ஒருவர் அதன் பொறுப்பை ஏற்கமாட்டார். அந்தப் பாதியை நாங்கள் கண்டுகொள்ளவில்லை.

பெரியம்மா வந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. இந்த வீட்டில் தன்ர பங்கை அம்மாவின் பேருக்கு எழுத வந்தவ. வேறு யாரும் எண்டால் சந்தோசப்பட்டிருப்பார்கள். அம்மா மூன்று கிழமை நொத்தாரிசிட்டைப் போகவே மறுத்தா. "காணி வேண்டினால், நீங்கள் இனி வரமாட்டியள் எண்டதுக்கு நானே கையெழுத்து வைச்ச மாதிரி."

"நான் வருவன். ஆனால் உன்ர வீட்டுக்கு வருவன்" எண்டா பெரியம்மா.

பிளேனுக்கு இரண்டு நாள் இருக்க அம்மா கையெழுத்து வைச்சா. வந்து குசினிக்குள் கனநேரம் நின்றா. நான் ஒன்றும் கேட்கவில்லை.

நாங்கள் போனவர்களிடம் காசு கேட்பதை விட ஏக்கத்தைத்தான் கூடக் கேட்கிறோம் எண்டு எனக்கு அப்ப பட்டது. அவர்கள் ஏங்கினால்தான் இங்கே இருந்துவிட்ட எங்கட முடிவு சரியெண்டு ஆகும் போல. ஆனால் ஒருவர் அங்கே வேர் விட்டால் இங்கே இருந்த வேர் பொய்யாகிவிடாது. அம்மாவுக்கு அது விளங்க வருசங்கள் எடுத்தது. நோகாமல் விளங்கவும் இல்லை.

நான் போவேனோ தெரியாது. போனால், எனக்கு அந்த ஊரைப் பிடித்துப்போவதற்கும் இங்கே இருக்கிறவர்களின் சம்மதம் வேணும்.

முந்தி அம்மா போனில் முதல் கேட்பது "எப்ப வாறியள் அக்கா?" எண்டுதான். இந்தத் தை மாதம் எடுத்தபோது வேறொன்று கேட்டா: "அங்க சூரியன் வந்திட்டுதோ?"