ஆறுதல்

காப்பி ஆறுகிறது, புண்ணும் ஆறுகிறது. வெம்மை தணிவதற்கும் காயம் குணமாவதற்கும் தமிழில் ஒரே வினைச்சொல். இப்பொருத்தத்தை நாங்கள் வியந்ததுண்டு. சென்ற ஆண்டு மகளின் கணுக்கால் பிசகியபோதுதான் அவ்விரண்டும் வேறு வேறு என்று அறிந்தோம்.

கோ-கோ ஆட்டத்தில் சட்டெனத் திரும்பியபோது பாதம் உட்பக்கமாக மடிந்துவிட்டது. எலும்பு முறிவில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு, காலை எதனால் குளிர்விப்பது என்ற ஆராய்ச்சி வீட்டில் தொடங்கிற்று.

மருந்துக்கடை ஜெல் பை மென்மையானது. மூட்டின் வளைவுகளுக்கு இணங்கும். ஆனால் உறைபெட்டியிலிருந்து சுழியத்துக்குக் கீழே 18 பாகை வரையிலான குளிரோடு வருவதால், துணியின்றி வைத்தால் தோலைப் புண்ணாக்கிவிடும். பனிக்கட்டியோ சுழியத்திலேயே நின்று உருகுகிறது. ஒரு கிராம் உருக 334 ஜூல் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. குளிர்நீர் வாளி கணுக்காலை எல்லாப் பக்கமும் தழுவும். எனினும் கால் தொங்குவதால் வீக்கம் வடிய வழியில்லை. உலர்ந்த துணி குளிரைத் தடுக்கும், ஈரத்துணி கடத்தும். இறுதியில் நொறுக்கிய பனிக்கட்டி, ஈரத்துணி, காலுக்கடியில் இரண்டு தலையணை என்று முடிவாயிற்று. தேர்ந்தெடுத்த முறையில் எங்களுக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது.

மூன்றாம் நாள் மாலை, 20 நிமிடம் வைத்து எடுத்ததும், "வலியே இல்லப்பா" என்றாள். மகிழ்ந்துபோய் மாடிப்படி இறங்க விட்டோம். நான்காம் படியில் அதே கால் மீண்டும் மடிந்தது. குளிர் நரம்புகளின் வேகத்தைக் குறைத்திருந்தது, அவ்வளவே. கால் மரத்திருந்ததே தவிர, ஆறியிருக்கவில்லை.

ஓய்வு, பனிக்கட்டி, அழுத்தம், உயர்த்திவைத்தல் என்ற நான்கையும் 'ரைஸ்' என்ற ஒரு சொல்லில் கோத்து 1978இல் பரப்பியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். ஏறத்தாழ 35 ஆண்டுகளுக்குப் பின் அவரே தம் கருத்தைத் திருத்திக்கொண்டார்: அழற்சி குணமாதலின் முதற்படி, பனிக்கட்டி அதைத் தாமதப்படுத்தக்கூடும், தொடக்க மணிநேரங்களில் வலி தணியச் சிறிது நேரம் வைக்கலாம், அதற்குமேல் பயனில்லை. தம் பெயரை நிலைநாட்டிய கருத்தையே மறுக்கும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? எங்களுக்கோ, பனிக்கட்டியா ஜெல் பையா என்று வாதிட்ட நேரத்தில், குளிர் எதற்காக என்று கேட்கவே தோன்றவில்லை.

பின்னர் அவள் காலைத் தேற்றியது பயிற்சிதான். மாதங்கள் ஆயின. இன்றும் காலையில் ஒற்றைக்காலில் நின்றபடி பல் துலக்குகிறாள். நாங்கள் கதவருகே நின்று, சொல்லாமல் எண்ணிக்கொள்கிறோம்.