பெயரை மட்டும் வாங்கிக்கொண்ட பூதங்கள்

தொல்காப்பிய மரபியல் வழிநூலை நான்கு வகையாகப் பிரிக்கிறது. விரிந்ததைத் தொகுத்தல், தொகுத்ததை விரித்தல், இரண்டையும் கலந்து செய்தல், பிறமொழியிலிருந்து பெயர்த்துச் செய்தல். முதல்நூலின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே முற்றிலும் வேறொன்றை வைப்பதற்கு அங்கே இடமில்லை. வகுப்பில் இந்தப் பகுதியை நடத்தும்போதெல்லாம், தமிழோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத ஐந்து அமெரிக்கப் பூதப் படங்கள் நினைவுக்கு வந்து தொலைக்கின்றன. மாணவர்களிடம் இதைச் சொன்னதில்லை. இங்கே சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

2001இல் அமெரிக்காவின் சினிமாக்ஸ் கட்டணத் தொலைக்காட்சிக்காக ‘கிரீச்சர் ஃபீச்சர்ஸ்’ என்ற வரிசையில் ஐந்து படங்கள் எடுக்கப்பட்டன. 2002இல் அவை டிவிடிகளாக வந்தன. தயாரிப்பாளர்கள் மூவர்: ‘டெர்மினேட்டர்’, ‘ஏலியன்ஸ்’, ‘ஜுராசிக் பார்க்’ ஆகியவற்றின் ஜந்துக்களை உருவாக்கிப் புகழ்பெற்ற ஸ்டான் வின்ஸ்டன், நடிகை காலின் கேம்ப், லூ ஆர்காஃப். இந்த மூன்றாமவரின் தந்தை சாமுவேல் ஆர்காஃப், ஜேம்ஸ் நிக்கல்சனோடு சேர்ந்து 1950களில் அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் நிறுவனத்தை நடத்தியவர். அந்நிறுவனத்தின் மிக மலிவான ஐந்து படங்களின் பெயர்களைத்தான் மகன் எடுத்துக்கொண்டார். ‘டே தி வேர்ல்ட் எண்டட்’, ‘தி ஷீ-கிரீச்சர்’, ‘எர்த் வெர்சஸ் தி ஸ்பைடர்’, ‘டீனேஜ் கேவ்மேன்’, ‘ஹவ் டு மேக் எ மான்ஸ்டர்’. மறு ஆக்கம் என்று நம்பித் தகட்டைச் சுழலவிடுபவர் ஏமாந்து போவார். பழைய சிலந்திப் படத்தில் குகைக்குள் வாழும் ஒரு ராட்சதச் சிலந்தி வருகிறது. புதியதில் காமிக்ஸ் படித்துக் கிறுகிறுத்த ஒரு காவலாளி சிலந்தி மருந்தை ஊசி மூலம் ஏற்றிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக மனித உருவை இழக்கிறான்.

இதை மோசடி என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. மூலப் படங்களின் பிறப்பே அப்படித்தான் நிகழ்ந்தது. நிக்கல்சன் முதலில் ஒரு தலைப்பை யோசிப்பார். ஆல்பர்ட் கல்லிஸ் அதற்குச் சுவரொட்டி வரைவார். கதை அதற்குப் பிறகு எழுதப்படும். டிரைவ்-இன் திரையரங்கில் காருக்குள் அமர்ந்திருக்கும் பதின்வயதினருக்கு ஒரே நுழைவுச்சீட்டில் இரண்டு படங்கள் என்பது வியாபார உத்தி. தலைப்பும் சுவரொட்டியுமே சரக்கு, படம் அதைச் சுற்றிய காகிதம். ஆக, தலைப்பை மட்டும் எடுத்துக்கொண்ட மகன் தந்தையின் தொழிலுக்கு விசுவாசமாகவே நடந்திருக்கிறார். மூத்த ஆர்காஃப் அதே 2001ஆம் ஆண்டு செப்டம்பரில் காலமானார்.

ஆனால் அந்தக் காகிதத்துக்குள் ஒரு மனிதர் இருந்தார். பால் பிளைஸ்டெல். அறிவியல் புனைகதை இதழ்களுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தவர். தோபாங்கா பள்ளத்தாக்கில் இருந்த தம் வீட்டில், மனைவி ஜாக்கியின் துணையோடு, உடலை ஒட்டிய உள்ளாடையின் மேல் ஃபோம் ரப்பர் துண்டுகளைப் பசையிட்டு ஒட்டி இந்தப் பூதங்களை உருவாக்கினார். உருவாக்கியதோடு அவரே உள்ளே புகுந்து நடிக்கவும் செய்தார். ரோஜர் கார்மன் ஒரு லட்சம் டாலருக்கும் குறைவான செலவில் இயக்கிய ‘டே தி வேர்ல்ட் எண்டட்’ படத்தில், அணுப்போருக்குப் பின் திரியும் விகார மனிதன் இறுதியில் தூய மழையில் நனைந்து மடிகிறான். அந்தக் காட்சியில் ஃபோம் ஆடை முழுவதும் நீரைக் குடித்துக் கனத்துப் போனது. திரையில் அந்தப் பூதம் தள்ளாடுவதைப் பார்க்கையில், நடிப்பு எங்கே முடிகிறது, பாரம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய முடிவதில்லை.

மூலங்கள் 2006இல் ஆர்காஃபின் பெயர் தாங்கிய டிவிடி வரிசையில் இரண்டிரண்டாக வெளிவந்தன. முதலில் மறு ஆக்கம், அப்புறம் மூலம் என்ற இந்த வரிசைமாற்றமே ஒரு வேடிக்கை. வீட்டுத் திரை வந்த பிறகுதான் இந்தப் படங்களுக்கு நேர்ந்த ஆபத்தும் அதிர்ஷ்டமும் தொடங்குகின்றன. டிரைவ்-இன்னில் காரின் முன்கண்ணாடி வழியாக, இருட்டில், சில நொடிகள் மட்டுமே தெரிவதற்காகச் செய்யப்பட்ட உருவத்தை நாம் நிறுத்தி, பின்னோக்கி ஓட்டி, தேநீர் குடித்தபடி ஆராய்கிறோம். எந்தப் பூதமும் அந்தப் பார்வைக்கு முன் நிற்காது.

கணினி வரைகலை படிக்கும் என் அக்கா மகன் ஒரு விடுமுறையில் என்னோடு அமர்ந்து ‘தி ஷீ-கிரீச்சர்’ பார்த்தான். எட்வர்ட் கான் இயக்கிய 1956ஆம் ஆண்டுப் படம். கடலிலிருந்து அந்தப் பெண்பூதம் கரையேறியதும் அவன் வாய்விட்டுச் சிரித்தான். சிரிக்கலாம், தவறில்லை. படத்தை நிறுத்தி அதன் வயிற்றைக் காட்டினேன். அங்கே ஒரு வரிசைக் கூரிய பற்கள். பிளைஸ்டெல் தன் வயிற்றுத் தசையை உள்ளிழுத்துத் தளர்த்தினால் அவை திறந்து மூடும்படி அமைத்திருந்தார். இரையை அணைத்துக் கவ்வும் கொக்கிகள். இயக்குநர் அவற்றைப் பயன்படுத்தவே இல்லை. படத்தில் அவை வெறும் அலங்காரமாகத் தொங்குகின்றன. பையன் எழுந்து திரையின் அருகே போய்ப் பார்த்தான். “மாமா, உள்ள இருந்தவருக்கு மூச்சு முட்டியிருக்காதா?” என்று மட்டும் கேட்டான். கேலிக்கும் அந்தக் கேள்விக்கும் இடையே ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

யாருமே கேட்காதபோதும் திறந்து மூடும் பற்களைச் செய்து வைத்தானே, அந்த மனத்தை மறு ஆக்கம் எப்படிச் சுவீகரிக்கிறது என்பதே இவ்வகைப் படங்களை அளக்க நான் வைத்திருக்கும் கோல். கதை ஒத்துப்போகிறதா என்பது இரண்டாம்பட்சம். இந்தக் கோலால் அளந்தால் ‘டீனேஜ் கேவ்மேன்’ ஒன்றுமில்லை. கார்மனின் 1958 படத்தில், கற்காலம் என்று நாம் நம்பியது அணுப்போருக்குப் பிந்திய எதிர்காலம் என்று இறுதியில் தெரியவரும். லாரி கிளார்க் அந்த முடிச்சைத் தொடக்கமாக வைத்துவிட்டு, இளைஞர்களின் உடல்களை வெறித்துப் பார்ப்பதில் பொழுதைக் கழிக்கிறார். நஸ்டாசியா கின்ஸ்கி நடித்த புதிய ‘டே தி வேர்ல்ட் எண்டட்’ படத்தில் அந்த நடிகையின் முகம் மட்டும் மனதில் நிற்கிறது. சிலந்திப் படம் இவற்றைவிட மேல். உடல் சிதைவதை அவசரப்படாமல் காட்டுகிறது. ஆனாலும் பழைய படத்தில், செத்ததென்று நம்பிப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் கிடத்திய சிலந்தி ராக் அண்ட் ரோல் ஒத்திகையின் சத்தத்தில் விழித்துக்கொள்கிறதே, அந்தக் குறும்புக்கு இணையாக இதில் ஏதுமில்லை.

செபாஸ்டியன் குட்டியரஸ் இயக்கிய ‘ஷீ கிரீச்சர்’ வேறு தரம். பழைய படத்தில் லொம்பார்டி என்னும் கார்னிவல் மனோவசியக்காரன் ஒரு பெண்ணை முற்பிறவிக்குத் திருப்பி, அவள் ஒருகாலத்தில் இருந்த கடல் ஜந்துவை வரவழைப்பான். புதிய படம் மனோவசியத்தை உதறிவிட்டு அந்தக் கார்னிவலை மட்டும் வைத்துக்கொள்கிறது. 1905, அயர்லாந்து. போலிப் பூதங்களைக் காட்டிப் பிழைக்கும் ஆங்கஸ் (ரூஃபஸ் சிவெல்), கண்ணாடித் தொட்டிக்குள் கடற்கன்னியாக வேடமிடும் அவன் காதலி லிலி (கார்லா குஜினோ). ஒரு கிழவரின் வீட்டில் அவர்கள் கண்டதோ நிஜக் கடற்கன்னி. அதைத் திருடிக்கொண்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறுகிறார்கள். போலி வாலை மாட்டிக்கொண்டு வயிற்றைக் கழுவியவள், தன் வேடத்தின் மூலத்தை எதிரே சந்திக்கிறாள். மறு ஆக்கம் தன் முதல்நூலை நேருக்கு நேர் பார்ப்பது போன்ற காட்சி அது. தயாரித்தவர் ஜந்து செய்யும் கைவினைஞர் என்பதால்தான் இந்தக் கண் வாய்த்தது என்று நான் நம்புகிறேன். பிளைஸ்டெலுக்குக் கிடைக்காத நாற்காலியில் அமர்ந்த மனிதர் வின்ஸ்டன். அவருடைய ஜந்துக்கள் பொம்மைகளாகக்கூடக் கடைகளில் விற்கப்பட்டன. அவர் 2008இல் இறந்தார்.

ஐந்தில் எனக்கு மிகவும் முக்கியமானது ‘ஹவ் டு மேக் எ மான்ஸ்டர்’. மறு ஆக்கம் அப்படியொன்றும் சிறந்த படமல்ல, ஆனால் மூலத்தோடு சேர்த்துப் பார்த்தால் கலங்க வைக்கிறது. 1958 படத்தின் களம் அமெரிக்கன் இன்டர்நேஷனல் படப்பிடிப்பு நிலையமேதான். புதிய முதலாளிகள் வருகிறார்கள். இனிப் பூதங்கள் வேண்டாம், பாட்டுப் படங்கள் போதும் என்று சொல்லி மூத்த ஒப்பனைக் கலைஞரை வேலையிலிருந்து நீக்குகிறார்கள். அவரோ, முகத்தில் பூசும் ஒப்பனைப் பசையால் இளம் நடிகர்களை வசியப்படுத்தி முதலாளிகளைக் கொல்ல வைக்கிறார். கடைசியில் தம் பிள்ளைகள் என்று அவர் கொஞ்சும் முகமூடிகளோடு தீயில் வேகிறார். சுவரில் மாட்டியிருந்த முகமூடிகளில் பிளைஸ்டெல் செய்தவையும் உண்டு. நிறுவனம் தன் தொழிலாளிக்கு நேரப்போவதை முன்கூட்டியே படமாக எடுத்துக் காசும் பார்த்துவிட்டது.

ஜார்ஜ் ஹுவாங் 2001இல் இந்தக் கதையைக் கணினி விளையாட்டு நிறுவனம் ஒன்றுக்கு நகர்த்தினார. ஒப்பனைப் பசையின் இடத்தில் நிரல்கள். ஆனால் விளையாட்டுக்குள் இருக்கும் பூதம் வெளியே வர விரும்பும்போது, அசைவுகளைப் பதிவு செய்வதற்காக அங்கே வைத்திருக்கும் ஓர் ஆடைக்குள்தான் புகுந்துகொள்கிறது. கணினியில் பிறந்ததற்கும் நடமாட ஒரு சட்டை தேவைப்படுகிறது! என் அக்கா மகன் அந்த இடத்தில் சிரிக்கவில்லை.

பிளைஸ்டெலின் பெண்பூத ஆடையும் சும்மா இருக்கவில்லை. தலையை மாற்றி ‘வூடூ வுமன்’ படத்தில் உழைத்தது. பிறகு 1959இல் ‘கோஸ்ட் ஆஃப் டிராக்ஸ்டிரிப் ஹாலோ’ என்ற நகைச்சுவைப் படம். பேய் பிடித்ததாகச் சொல்லப்படும் வீட்டில் இளைஞர்கள் பூதத்தை வளைத்துப் பிடித்து முகமூடியைக் கழற்றுகிறார்கள். உள்ளே பிளைஸ்டெலின் சொந்த முகம். திகில் படங்களில் தனக்கு வேடம் தரவில்லையே என்று அவர் புலம்புகிறார். அது சிரிப்புக்காக எழுதப்பட்ட காட்சி. அதற்குப் பின் அவர் பூதம் செய்யும் தொழிலிலிருந்து ஏறக்குறைய விலகிவிட்டார், 1983இல் இறந்தார். வின்ஸ்டனின் வரிசையில் அந்தப் படத்தின் பெயர் இல்லை.