பாய்மரம் காட்டும் தீவு நாடு



திருப்பூர் மக்களாகிய நமக்குக் கடல் தொலைவிலுள்ள ஒன்று. ஆனால் நம்மவர் கைகள் தைத்த பனியன்கள் பெட்டி பெட்டியாகத் தூத்துக்குடி சென்று, அங்கிருந்து உலகெங்கும் போகின்றன. துணி காணும் கடலை அதைத் தைத்தவர் காண்பதில்லை. எனவே இம்மாதம் உங்களை அத்துறைமுகத்திலிருந்து பாய்மரக் கலமொன்றில் ஏற்றி, மாலத்தீவுக்கு அனுப்பிவைக்க விரும்புகிறேன். பயணம் கற்பனை, வழியும் செய்திகளும் உண்மை.

முதலில் பழைய துறைமுகத்தைப் பாருங்கள். மாலத்தீவுக்கு வெங்காயமும் காய்கறியும் கட்டுமானப் பொருள்களும் சுமந்து சென்ற மரத்தோணிகளின் துறை அது. ஒரு காலத்தில் பாயை மட்டுமே நம்பி ஓடிய இவற்றுக்குப் பின்னாளில் எஞ்சின் பொருத்தப்பட்டது. தோணியைக் கட்டுபவர் ஓடாவி, செலுத்துபவர் தண்டல். தென்மேற்குப் பருவக்காற்று சீறும் மாதங்களில் தோணிகள் கரையிலேயே ஓய்வெடுக்கும். வாடைக் காற்று எழும் காலமே பயணத்திற்கு உகந்தது.

தலைநகர் மாலே சுமார் 700 கிலோமீட்டர் தொலைவு. நல்ல காற்று வாய்த்தால் மூன்று, நான்கு நாட்களில் அடையலாம். பயணியாதலால் நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கித் தொழுவீர்கள். கலம் திசை மாறினால் கிப்லாவை நோக்கி நீங்களும் திரும்ப வேண்டும். சூரியனும் விண்மீன்களும் மார்க்கக் கடமைக்கு எவ்வளவு துணை என்பது நடுக்கடலில்தான் விளங்கும்.

சொந்தப் பாய்மரப் படகில் வருவோர் நினைத்த தீவில் இறங்கிவிட முடியாது. வடகோடியிலுள்ள உலிகமு போன்ற அனுமதிக்கப்பட்ட இடத்தில் நங்கூரமிட்டு, மஞ்சள் கொடி ஏற்றிக் காத்திருக்க வேண்டும். சுகாதாரம், சுங்கம், குடியேற்றம் ஆகிய துறையினர் சோதித்து அனுமதித்த பின்னரே கரையில் கால் வைக்கலாம்.

ஏறத்தாழ 1,200 சிறு தீவுகள் வளையம் வளையமாக அமைந்த நாடு அது. ஹிஜ்ரி 744ஆம் ஆண்டு, அதாவது 1343இல், கள்ளிக்கோட்டையிலிருந்து அங்கே சென்ற உலகப் பயணி இப்னு பதூதா (ரஹ்), ஒரு தீவை விட்டு நீங்கும்போதே அடுத்த தீவின் தென்னந்தலைகள் தெரிந்துவிடும் என்று எழுதினார். உள்ளூர் வழிகாட்டியின்றிக் கலம் செலுத்த இயலாது என்றும் குறித்தார். அங்கே அவர் காழியாகவும் பணியாற்றினார். தேங்காய் நார்க்கயிற்றால் தைத்த கலங்கள் பாறையில் மோதினாலும் நெகிழ்ந்து கொடுக்கும், இரும்பாணி அடித்தவை உடைந்துவிடும் என்பது அவர் கண்ட நுட்பம். தையலால் வாழும் ஊரினராகிய நமக்கு, கப்பலையே தைத்த செய்தி வியப்பளிக்கும்!

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நம் உறவினர் சமையலில் மணக்கும் மாசி அந்தத் தீவுகளின் கொடைதான். அவர்களின் திவேஹி மொழியில் ‘மஸ்’ என்றால் மீன். மாலேயில் பவளக்கல்லை அறுத்து, நுண்ணிய வேலைப்பாட்டுடன் 1658இல் கட்டி முடித்த பழைய ஜும்ஆப் பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது.

அப்பள்ளியைக் கண்டு வெளிவருகையில் மற்றொன்றையும் கவனியுங்கள். நாட்டின் பெரும்பகுதி நிலம் கடல்மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரங்கூட இல்லை. உயரும் கடல் அம்மக்களின் வீட்டு வாசலில் நிற்கிறது. சுற்றிலும் நீர், குடிக்க நதியில்லை. மழைநீரும், உப்பு நீக்கிய கடல்நீருமே வாழ்வாதாரம். 2014 டிசம்பரில் மாலேயின் சுத்திகரிப்பு நிலையத்தில் தீப்பற்றியபோது தலைநகரமே குடிநீரின்றித் தவித்தது. நம் நாட்டின் விமானப்படை விமானங்களும் ‘சுகன்யா’ முதலிய கடற்படைக் கப்பல்களும் விரைந்து தண்ணீர் கொண்டு சென்றன.

இந்த உறவு புதிதன்று. 1344இல் இலங்கையிலிருந்து திரும்பிய இப்னு பதூதாவின் கலம் நம் மஅபர் கரையருகே சிதைந்தது. இரவெல்லாம் உடைந்த கலத்தில் அமர்ந்திருந்த அவரைக் காலையில் படகில் வந்து கரைசேர்த்தவர்கள் முஸ்லிமல்லாத உள்ளூர் மக்கள். பெயர்கூட எழுதப்படாத அம்மனிதர்களின் ஈரம் இல்லையேல், அந்த மாபெரும் பயண நூல் நமக்குக் கிடைத்திராது.

வாசகர்களே! நதியே இல்லாத நாட்டைப் பார்த்துவிட்டு நொய்யலுக்குத் திரும்புங்கள். சாயக்கழிவு இந்நதியைக் கெடுத்ததால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளையே மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட நேர்ந்தது. அல்லாஹ் கொடுத்த நதியை நாம் நிறம் மாற்றினோம். அவன் கொடாத நதிக்காக அவர்கள் கடலின் உப்பை நீக்குகிறார்கள். அண்டை வீட்டாருக்குரிய கடமையை நமக்கு எவ்வளவோ முறை எடுத்துரைத்திருக்கிறார்கள். ஆற்றின் கீழ்க்கரையில் வாழும் உழவரும் அண்டை வீட்டாரே. கடலுக்கு அப்பால் வாழும் தீவினரும் அண்டை வீட்டாரே. ஒரு குடம் நீரைக் கையிலெடுக்கும்போது இவ்விருவரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.