வலியும் மருந்தும் பொறுமையும்

புழல் என்றவுடன் சென்னை மக்களுக்கு ஏரியும் சிறைச்சாலையும் நினைவுக்கு வரும். இங்கேயே வாழும் எங்களுக்கு இன்னொரு காட்சியும் உண்டு. சுப்ஹுத் தொழுகை முடிந்ததும், இடுப்பில் ஒரு கையை ஊன்றியபடி பள்ளிவாசல் படிகளில் மெல்ல இறங்கி வரும் பெரியவர்கள். இராயபுரத்தில் மூட்டை சுமந்தவர்கள், எண்ணூர்ச் சாலையில் கண்டெய்னர் லாரி ஓட்டியவர்கள், மணலி ஆலைகளில் நின்றபடியே ஆயுளைக் கழித்தவர்கள். அவர்களுடைய இல்லத்தரசிகளின் முழங்கால்களைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

வலி வந்தால் நம்மவர்களில் பலர் நேரே மெடிக்கல் ஷாப்புக்குத்தான் போகின்றனர். சீட்டில்லாமல் வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் இரண்டொரு நாளுக்கு நல்லவையே. மாதக்கணக்கில் தொடர்ந்தால் குடலில் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். நரம்பு நசுங்கிக் காலில் மின்சாரம் பாய்வதுபோல் இழுக்கும் வலிக்கு இவை பெரும்பாலும் பயன்படுவதுமில்லை. அதற்கென்று அமிட்ரிப்டிலின், கபாபென்டின் முதலிய வேறு மருந்துகள் இருக்கின்றன. முன்னது மனச்சோர்வுக்காக வந்த மருந்து. குறைந்த அளவில் நரம்பு வலிக்கும் கொடுக்கிறார்கள். இதை அறியாமல், "எனக்கென்ன பைத்தியமா?" என்று மாத்திரையைத் தூக்கி எறிந்த ஒரு பெரியவரைச் சமாதானப்படுத்த எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

வேறு சிலர் மருந்தே வேண்டாம் என்பார்கள். "ஸபர் செய்கிறேன் ஹஸ்ரத், வலியைச் சொல்லித் திரிவது ஈமானுக்கு அழகா?" என்று என்னிடமே கேட்பார்கள். பொறுமையின் சிகரமாக நாம் போற்றும் நபி அய்யூப் (அலை) அவர்கள், தமக்குத் துன்பம் நேர்ந்ததை வாய்விட்டு இறைவனிடம் சொன்னதைத் திருமறையே எடுத்துரைக்கிறது. மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கேட்ட கிராமவாசிகளுக்குச் செய்துகொள்ளுமாறே அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஒற்றைத் தலைவலிக்காக, இஹ்ராமில் இருந்த நிலையிலும், தம் தலையில் இரத்தம் குத்தி எடுக்கச் செய்தார்கள் என்பது ஸஹீஹுல் புகாரியில் உள்ள செய்தி. நிற்க இயலாதவர் உட்கார்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்தும் தொழலாம் என்ற சலுகைகூட, மூல நோயால் அவதியுற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் தம் நிலையைக் கூறிக் கேட்டதனால் நமக்குக் கிடைத்ததே. அவர்கள் வாய் திறவாதிருந்தால்?

மருத்துவரிடம் சொல்வதிலும் ஒரு முறை வேண்டும். "உடம்பெல்லாம் வலிக்குது டாக்டர்" என்றால் அவர் என்ன செய்வார்? எரிகிறதா, குத்துகிறதா, இழுக்கிறதா, இரவில் எழுப்புகிறதா என்று பிரித்துச் சொல்ல வேண்டும். இப்னு ஸீனா தம் 'அல்கானூன்' நூலில் வலியை 15 வகையாகப் பிரித்து எழுதி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன.

இவற்றையெல்லாம் விடக் கடுமையான ஒரு கேள்வி என் வீட்டிற்குள்ளேயே எழுந்தது. என் மூத்த சகோதரியின் கணவருக்குப் புற்றுநோய் முதுகெலும்பு வரை பரவிவிட்டது. இரவெல்லாம் அவர் போடும் கூச்சலில் தெருவே உறங்காது. முதலில் சென்ற ஒரு மருத்துவமனையில் அதற்குரிய மருந்து இருப்பில் இல்லை என்று கைவிரித்தார்கள். பிறகு ஓரிடத்தில் மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா கேட்டார்: "தம்பி, இது அபினில் எடுப்பதாமே. ஹராம் இல்லையா? கலிமா சொல்லிப் போக வேண்டிய நேரத்தில் மச்சான் மயக்கத்தில் கிடந்துவிட்டால், நாளை மறுமையில் நான் என்ன பதில் சொல்வேன்?"

சாதாரணக் கேள்வியன்று. போதைக்காக உண்பது வேறு, வேறு வழியற்ற நோய்க்கு மருத்துவர் அளந்து கொடுப்பது வேறு. பின்னதற்கு அனுமதியுண்டு என்பதே மார்க்க அறிஞர் பலரின் தீர்ப்பு. அதைச் சொன்னேன். அக்காவின் முகம் தெளியவில்லை. அவரையும் அழைத்துக்கொண்டு மருத்துவரிடமே சென்றேன். முதல் சில நாள்கள் தூக்கம் வரும், அளவு பொருந்தியதும் தெளிவு திரும்பும் என்றார் அவர். வலி வரும்வரை காத்திராமல் நான்கு மணிக்கு ஒருமுறை கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். மலச்சிக்கலுக்குரிய மருந்தையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். புற்றுநோய் வலிக்கு இப்படிக் கண்காணிப்பில் கொடுத்தால் அடிமையாவது அரிது என்றும் விளக்கினார். நான்காம் நாள் அஸருக்கு மச்சான் ஒளுச் செய்யத் தண்ணீர் கேட்டார். அதற்கு முந்திய மூன்று வாரங்களாக அவர் நாவில் வந்ததெல்லாம் வலியின் ஓலம் மட்டுமே. மனிதனின் அறிவைப் பறித்திருந்தது எது என்று அக்கா அன்று என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இந்த மருந்து ஏன் எளிதில் கிடைப்பதில்லை என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும். மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு உரிமத்துடன் அபின் விளைவித்து, உலக நாடுகளுக்கு மருந்துக்காக ஏற்றுமதி செய்துவந்த நாடு நம்முடையது. ஆனால் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் விதித்த உரிமங்களுக்கும் தண்டனைகளுக்கும் அஞ்சி, மருத்துவமனைகளே மார்ஃபினைக் கைவிட்டன. விளைந்தது இங்கே, நோவு தீர்ந்தது அங்கே! 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் நண்பர்களும் வலிநிவாரண இயக்கம் ஒன்றைத் தொடங்கிப் பல்லாண்டுகள் போராடினார்கள். 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் ஒரே அனுமதியில் மார்ஃபினை வைத்திருக்க வழி பிறந்தது. கட்டுப்பாடே கூடாது என்பதன்று என் கருத்து. அமெரிக்காவில் 1990-களின் பிற்பகுதியிலிருந்து இவ்வகை மருந்துகளைச் சாதாரண முதுகுவலிக்கும் வாரி வழங்கியதில் தொடங்கிய கேடு, இலட்சக்கணக்கான உயிர்களைக் குடித்தது.

நம் பகுதியில் வழி இல்லாமல் இல்லை. கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று பெரியவர்கள் அழைக்கும் ஸ்டான்லி மருத்துவமனை இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுத்த படுக்கையாய் இருப்பவர்களுக்கு வீட்டிற்கே வந்து நோவு தணிக்கும் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் அளிக்க ஏற்பாடு உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியச் சொல்லிக் கேளுங்கள்.

மச்சான் அதன்பின் இரண்டு மாதம் இருந்தார். பேரப்பிள்ளைக்கு அலிஃப், பா சொல்லிக் கொடுத்தார். வஃபாத்தான அன்று காலையிலும் நினைவு தெளிவாகவே இருந்தது. பதினேழு மாத்திரைகள் மீந்திருந்தன. முழங்கால் வலிக்காரப் பக்கத்து வீட்டு மாமி அதில் நான்கு கேட்டார். அக்கா மறுத்துவிட்டு, இத்தா முடியும்வரை காத்திராமல் அட்டையை என் கையில் கொடுத்தனுப்பினார். மருத்துவமனையில் எண்ணி வாங்கிக்கொண்டு, பதிவேட்டில் என்னிடம் கையொப்பம் பெற்றார்கள்.