விதியல்ல, துரு!

மண்டபத்தை விட்டு வண்டி நகர்ந்து, இருபுறமும் நீலக்கடல் விரியத் தொடங்கியதும் பெட்டிக்குள் ஒரு பரபரப்பு! கைகள் குவியும், கன்னத்தில் போட்டுக்கொள்வர், முந்தானை முடிச்சிலிருந்த காசு சன்னல் வழியே கடலில் விழும். இராமன் அணை கட்டிய கதையைத் தாத்தா பேரனுக்குச் சொல்வார். இளமையில் பாம்பன் பாலத்தைக் கடந்தபோதெல்லாம் நாம் கண்ட காட்சி இது.

நாம் கண்ட இன்னொரு காட்சியும் உண்டு. தண்டவாளத்தின் ஓரத்தில், சிறியதோர் ஒதுக்கிடத்தில், வண்டிக்கு வழிவிட்டு ஒண்டி நின்ற தொழிலாளி. கையில் சுத்தியல், சட்டையெல்லாம் சாயம். குவிந்த கைகளில் ஒன்றுகூட அவர் பக்கம் திரும்பியதில்லை!

அவர் செய்துகொண்டிருந்தது என்ன என்பது பல ஆண்டுகள் கழித்தே நமக்கு விளங்கிற்று. இரும்புத் தகடுகளைப் பிணைக்கும் ரிவெட்டு ஆணியின் தலையில் ஒருபக்கம் விரலை ஒட்டி வைத்து, எதிர்ப்பக்கம் சிறு சுத்தியலால் தட்டுவார். ஆணி தளர்ந்திருந்தால் விரலுக்குத் தெரிந்துவிடும். இப்படி ஆயிரமாயிரம் ஆணிகள்! வெயிலிலும் உப்புக்காற்றிலும் அவற்றை ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டியே அந்தப் பாலம் நூறாண்டைக் கடந்தது.

1914 பிப்ரவரி 24ஆம் நாள் திறக்கப்பட்ட பாலம் அது. நீளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். கப்பல் செல்ல வேண்டி, நடுவே இரு சிறகுகளாகப் பிரிந்து மேலெழும் ஷெர்சர் தூக்குப் பகுதி. அதைத் திறந்தவை பல்சக்கரங்களைச் சுழற்றிய தொழிலாளர் தோள்கள்! 1964 டிசம்பர் 22 இரவில் வந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. அங்கே சென்ற பயணி வண்டியை விழுங்கிற்று. பாலத்தின் நூற்றுக்கு மேற்பட்ட உத்தரங்களை அடித்துச் சென்றது. தூக்குப் பகுதி மட்டும் தப்பி நின்றது. "இறைவன் காத்தான்" என்றனர் சிலர். காத்தவன் வண்டியில் இருந்தோரை ஏன் கைவிட்டான் என்று கேட்டால், பதிலுக்குக் கோபம்தான் வந்தது. இளம் பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில், கடலடியில் மூழ்கிக் கிடந்த உத்தரங்களைத் தேடியெடுத்துப் பொருத்தி, 46 நாளில் பாலத்தை மீட்டனர் மனிதர்!

புயல் ஓரிரவில் வந்து போகும். உப்புக்காற்று போவதே இல்லை. அதனால்தான் அங்கே காற்றையும் அளந்தார்கள். மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் வண்டி நிற்கவேண்டும் என்பது விதி. இந்த விதி தலையில் எழுதப்பட்டதன்று தோழர்களே, தாளில் எழுதப்பட்டது!

கண்ணும் விரலும் போதுமா? போதா என்று உலகுக்குக் காட்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஒஹையோ ஆற்றின் குறுக்கே 1928இல் கட்டப்பட்டது சில்வர் பாலம். கண் வைத்த இரும்புப் பட்டைகளைச் சங்கிலியாகக் கோத்துத் தொங்கவிட்ட அமைப்பு. 1967 டிசம்பர் 15 மாலை, வண்டிகள் நெருங்கி நின்ற வேளையில், அது ஆற்றில் சரிந்தது. 46 பேர் மாண்டனர். காரணம், ஒரு பட்டையின் கண்ணில் இருந்த விரிசல். ஆழம் சுமார் இரண்டரை மில்லிமீட்டர்! பாலத்தைக் கழற்றிப் பார்த்தாலன்றி எவர் கண்ணுக்கும் தெரியாத இடம் அது. அவ்வூரிலோ, சிறகு முளைத்த பூதம் ஒன்று உலவுவதாக ஓராண்டுக் காலமாகவே பேச்சு. பாலம் விழுந்ததும் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டனர்! மூடநம்பிக்கை நம் நாட்டுக்கு மட்டும் உரிய சொத்தன்று.

மெல்லிய கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒடிகிறதல்லவா? ஒவ்வொரு வண்டியும் பாலத்தின் இரும்பை ஒருமுறை வளைத்து விடுகிறது. பல இலட்சம் முறை வளைந்த இரும்பில் விரிசல் பிறக்கிறது. துரு அதற்குத் துணை. இதைக் கண்டறியத்தான் உணரிகள் வந்தன. இரும்பின் மேல் ஒட்டிய நுண்ணிய கம்பி, இரும்பு நீளும்போது தானும் நீளும்; நீண்டால் மின்தடை கூடும்; அந்தக் கூடுதலை அளந்தால் இரும்பு எவ்வளவு வருந்துகிறது என்பது தெரியும். அதிர்வை அளக்கும் கருவி வேறு. விறைப்பு குறைந்த உத்தரம் முன்பு அதிர்ந்தபடி அதிராது. அதன் சுருதி இறங்கிவிடும்.

பாம்பனிலும் சென்னை ஐ.ஐ.டி.யார் இத்தகைய உணரிகளைப் பொருத்தினர். 2022 டிசம்பரில் தூக்குப் பகுதியின் நிலை கவலைக்குரியது என்று தெரிந்ததும், பாலத்தின் மேல் வண்டிகள் நிறுத்தப்பட்டன.

அடுத்த மாதமே நாம் அத்தையுடன் மண்டபத்தில் இறங்கி நின்றோம். அவர் இராமேசுவரத்துக்குத் திதி கொடுக்கப் போகிறார். நாம் ஏன் உடன் சென்றோம் என்று தோழர்கள் கேட்கலாம்: அவருடைய மூட்டை கனம்! வெயிலில் அந்த மூட்டையைப் பேருந்துக்குச் சுமந்தபோது நாமும் முணுமுணுத்தோம் என்பதை மறைப்பானேன்? "இத்தனை காலம் ஓடிய வண்டி இன்னும் ஒரு மாதம் ஓடினால் குடி முழுகிவிடுமா?" என்றோம். பகுத்தறிவு பேசும் வாய்தான் அப்படிப் பேசிற்று!

அத்தை பெருமூச்சு விட்டார். "பாலத்துக்கும் விதி முடிஞ்சுபோச்சுப்பா" என்றார்.

அந்தச் சொல்தான் நம்மை உலுக்கிற்று. இரண்டு திங்களுக்கு முன்புதானே, அக்டோபர் 30ஆம் நாள், குசராத்தின் மோர்பியில் 1879இல் கட்டிய தொங்கு பாலம் அறுந்து 135 பேர் இறந்தனர்! பழுதுபார்த்துத் திறந்து நான்கே நாள் ஆகியிருந்தது. தளத்தை மாற்றினார்கள், தாங்கும் வடத்தை மாற்றவில்லை. அறுந்த வடத்தின் 49 இழைகளில் 22 முன்பே அரித்துப் போயிருந்தன என்றது விசாரணைக் குழு. கைதான மேலாளர் ஒருவரோ, அது ஆண்டவன் சித்தம் என்று நீதிமன்றத்தில் சொன்னார். ஆம், பழியேற்க ஆண்டவனை விட வசதியான ஆள் யார்? கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய முடியாதே!

பேருந்தில் இதையெல்லாம் அத்தையிடம் சொன்னோம். சாலைப் பாலத்தின் மீது வண்டி ஊர்ந்தது. அருகே, கீழே, பழைய இரும்புப் பாலம் ஓசையின்றிக் கிடந்தது. அவர் நெடுநேரம் அதையே பார்த்தார். "பானை வாங்கறப்போ தட்டிப் பார்க்கிற மாதிரி தட்டியிருக்காங்க. ஓட்டைச் சத்தம் கேட்டிருக்கு. அடுப்பிலே ஏத்தலே. அவ்வளவுதானே?" என்றார். நாம் அரைமணி நேரம் பேசியதை அவர் மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டார்!

2025 ஏப்ரல் 6ஆம் நாள், இராமநவமியன்று, புதிய பாலத்தைத் திறந்தனர். நடுப்பகுதி செங்குத்தாக உயரும் பாலம். துருவைத் தடுக்கத் தனிப்பூச்சு. நாள் பார்த்துத் திறந்த அன்றே, உயர்ந்த பகுதி இறங்குகையில் கோளாறு! நல்ல நாள் அதைச் சரிசெய்யவில்லை, பொறியாளர் செய்தனர்.

செய்தியை அத்தைக்குப் படித்துக் காட்டினோம். "புதுப் பாலத்திலேயும் அந்தக் கருவியை வெச்சிருக்காங்களா?" என்று கேட்டார். வைத்துத்தான் ஆகவேண்டும் என்றோம். "அது ராத்திரி ரெண்டு மணிக்குக் கத்தினா, எழுந்து போய் வண்டியை நிறுத்த அதிகாரம் யாருக்கு இருக்கு?"

நூறாண்டைக் கடந்த பாலங்கள் இந்நாட்டு இரயில் பாதைகளில் பல்லாயிரம். அத்தையின் கேள்வியை ஒவ்வொன்றின் முன்னும் நின்று கேட்கவேண்டியவர்கள் நாம்தாமே, தோழர்களே?