படம் காத்த ஆறு

விழா மலர் கையில் வந்ததும் நம்மவர் முதலிற் புரட்டுவது கட்டுரைகளையல்ல, நிழற்படங்களையே. கட்டுரை எழுதுவோராகிய நமக்கு இது சிறிது மனத்தாங்கலைத் தருவதே. ஆயினும் படத்தின் வலிமையை மறுப்பதற்கில்லை. ஓர் ஆற்றைக் காப்பதற்கே படம் துணைநின்ற வரலாறு அவுஸ்திரேலியாவின் தென்கோடித் தீவாகிய தஸ்மேனியாவில் உண்டு. அதனை ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

அவ்வரலாறு தோல்வியிலேயே தொடங்குகின்றது. அத்தீவின் தென்மேற்கு மலைகளிடையே, வெளிர்சிவப்பு மணற்கரையால் அழகு பெற்று விளங்கிய பெடர் ஏரி 1955 இல் தேசியப் பூங்காவாயிற்று. பன்னிரண்டே ஆண்டுகளில், மின்சாரத்திற்கு அணை கட்டவேண்டி அக்காப்பு நீக்கப்பெற்றது. பொது நிலத்திற்கு அரசு இடும் வேலியை அவ்வரசே பிடுங்கலாம் போலும்!

போரின்பின் லித்துவேனியாவிலிருந்து அகதியாக வந்த ஒலேகாஸ் துருகானாஸ் என்பார், அணை கட்ட முற்பட்ட நீர்மின் ஆணைக்குழுவிலேயே பணிபுரிந்தவர். ஆயினும் ஏரியின் பக்கமே நின்றார். 1967 இல் ஹோபார்ட் நகரைச் சூழ்ந்த காட்டுத்தீயில் அவர் வீடும், பல்லாண்டு எடுத்த படங்களும் சாம்பராயின. அவர் சோர்ந்திலர், மீண்டும் மலையேறிப் படமெடுத்தார், நகர மண்டபத்திலே அவற்றைத் திரையிற் காட்டினார். அரங்கு நிறைய மக்கள் வந்து கண்டனர். ஏரியோ 1972 இல் அணைநீருள் மறைந்தது. அவ்வாண்டுத் தொடக்கத்திலேயே, அடுத்த அணைக்கு இரையாகவிருந்த கோர்டன் ஆற்றைப் படமெடுக்கச் சென்ற அவர் நீரில் மூழ்கி இறந்தார். உடலைக் கண்டெடுத்தவர் அவரைக் குருவாகக் கொண்ட பீட்டர் டொம்புரொவ்ஸ்கிஸ். இவரும் லாத்வியப் பெற்றோருக்குப் பிறந்து, சிறு வயதிற் குடிபெயர்ந்து வந்தவரே. பிறந்த மண்ணை விட்டு வந்தோர், வந்த மண்ணைத் தமதெனக் கொண்டு நின்றமை நம் உள்ளத்தை உருக்குகின்றது.

டொம்புரொவ்ஸ்கிஸ் 1979 இல், பிராங்கிளின் ஆற்றின் வளைவொன்றைக் காலைப் பனிமூட்டத்திடையே படமாக்கினார். அவ்வாற்றிற்கும் அணை வரவிருந்தது. 1983 மார்ச்சுத் தேர்தலை முன்னிட்டு அப்படம் நாளிதழ்களில் முழுப்பக்க வண்ண விளம்பரமாக வெளிவந்து, இதனை அழிக்கும் கட்சிக்கு வாக்களிக்க மனம் வருமோ என வினாவிற்று. அணையை எதிர்த்த தொழிற் கட்சி வென்றது. யூலை 1 ஆம் நாள் உயர் நீதிமன்றம், நால்வர்க்கு மூவர் என்னும் தீர்ப்பால் அணையைத் தடுத்தது. படமொன்றே வென்றதெனல் மிகை. ஆற்றிடை மறியல் செய்து கைதானோர் 1,200 பேருக்கு மேற்பட்டோர். எனினும், வாக்களித்தோருட் பெரும்பாலார் அவ்வாற்றங்கரையை மிதித்தவரல்லர். காணாத ஆற்றை அவர்தம் உடைமையாக்கியது படமே.

இப்படங்களிற் குறையொன்றும் உண்டு. அவற்றில் மனிதர் இலர். ஆளில்லாக் காடென்றே எண்ணத் தோன்றும். பிராங்கிளின் கரைக் குகையொன்றிலோ, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் ஆதிக்குடிகள் மூட்டிய அடுப்பின் எச்சங்களும் கற்கருவிகளும் கிடைத்துள்ளன.

டொம்புரொவ்ஸ்கிஸ் 1996 இல், படமெடுக்கச் சென்ற மலையிலேயே உயிர்நீத்தார். பெடர் ஏரியின் அணைநீரை வடித்து, பழைய ஏரியை மீட்கவேண்டுமெனக் கோருவோர் இன்றும் உளர். நீருக்கடியிற் கிடக்கும் அக்கரை எத்தகையதென்று கேட்போருக்கு, அவர்கள் துருகானாஸின் படங்களை எடுத்துக் காட்டுகின்றனர்.