அம்மா போட்ட 5 கிலோமீட்டர் கோலம்!

'ஜி.பி.எஸ். ஆர்ட்' என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? போனில் ஸ்ட்ராவா மாதிரி ஒரு செயலியை ஆன் செய்துவிட்டு ஓட வேண்டும். நாம் போகிற வழி மேப்பில் கோடாக விழும். எங்கே திரும்பினால் என்ன உருவம் வரும் என்று முன்பே திட்டமிட்டு ஓடினால், அந்தக் கோடே ஓவியம்.

ஜப்பானின் யசுஷி தகாஹாஷி, 2008-ல் ஊர் ஊராக 7,000 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, 'என்னைக் கல்யாணம் செய்துகொள்' என்று காதலிக்கு மேப்பிலேயே எழுதினார். (அவர் சம்மதித்துவிட்டார். இவ்வளவு தூரம் அலைந்தவரிடம் வேறென்ன சொல்வது?) லென்னி மாகன் என்பவர் சான் ஃபிரான்சிஸ்கோ தெருக்களில் 46 கிலோமீட்டர் ஓடி ஓவியர் ஃப்ரிடா காலோவின் முகத்தையே வரைந்தார்.

எங்கள் அண்ணா நகரில் இதை ஞாயிறுதோறும் ஒரு சின்ன வாட்ஸ்அப் குரூப் செய்கிறது. நேர் நேரான தெருக்கள் என்பதால் வசதி. ஓடுகிறவர்கள் ஓடலாம், நடக்கிறவர்கள் நடக்கலாம், கட்டணம் இல்லை.

அம்மா அதில் சேருவார் என்று நான் நினைத்ததே இல்லை. அப்பா போன பிறகு கும்பகோணத்தை விட்டு என்னோடு வந்தவர். இங்கே மூன்றாவது மாடி. வாசல் என்றால் லிஃப்டுக்கு எதிரே நாலு டைல்ஸ். மாவு போட்டால் வழுக்கும் என்று அசோசியேஷனில் தடை. ஸ்டிக்கர் கோலம் வாங்கித் தந்தேன். பீரோ மேல் போட்டவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சர்க்கரையின் மூன்று மாத சராசரி 8.9. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். "போறதுக்கு ஒரு இடம் இருந்தா நடக்கலாம். சும்மா எங்கடி நடக்கிறது?" என்பார்.

ஒரு சனிக்கிழமை, மேப்பை பிரின்ட் எடுத்து வைத்துக்கொண்டு மீன் வரைய முயன்றுகொண்டிருந்தேன். எட்டிப் பார்த்த அம்மா, "கையை எடுக்காம ஒரே கோடுன்னா இது சிக்குக் கோலம்தானே?" என்றார். பென்சிலை வாங்கிக்கொண்டார். முச்சந்தி, நாற்சந்தியெல்லாம் புள்ளி. நெளிவு வராது என்று கட்டம் கட்டமாக மாற்றினார். ஓரிடத்தில் கோடு யாரோ வீட்டு ஹாலுக்குள் போனது. "இங்க ஒரு சந்து கிடையாதா?" என்று கோபம் வேறு.

மறுநாள் காலை 5:45-க்கு டவர் பார்க் வாசலில் 17 பேர். இளசுகள் ஓட, அம்மா இரண்டு மாமிகளோடு நடந்தார். மரத்தடி, வரிசையாக நிற்கும் கார்கள், நாய்கள், இல்லாத நடைபாதை எல்லாவற்றையும் தாண்டி, "ரைட்டு இல்ல, லெஃப்ட்டு! புள்ளியை விட்டுட்டீங்க" என்று அதட்டல். கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர், ஒரு மணி இருபது நிமிடம். உயரமான கட்டடங்களுக்கு இடையே சிக்னல் தடுமாறியதால் ஒரு மூலையில் கோடு கோணலாகியிருந்தது. "கை நடுங்கிடுச்சு" என்றார் போனைப் பார்த்து.

கலைக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பு பற்றி உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2019-ல் 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து ஓர் அறிக்கை தந்திருக்கிறது. படித்துச் சொன்னேன். அம்மா அதில் அக்கறை காட்டவில்லை. அவருக்குத் தெரிய வேண்டியதெல்லாம், ஷெனாய் நகர் பக்கம் தெருக்கள் எப்படிப் போகின்றன என்பதுதான்.

மூன்று மாதம் கழித்து டெஸ்ட் எடுத்தோம். 8.1. மாத்திரையை டாக்டர் குறைக்கவில்லை, நடையை நிறுத்தாதீர்கள் என்றார். அம்மா தலையாட்டியது எதற்கென்று தெரியவில்லை. வரும் வழியில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்கினார். மார்கழிக்கு 30 கோலம் வேண்டுமாம். இதுவரை 11 ஆகியிருக்கிறது.